எச்சரிக்கைப் பெட்டி காலியாக இருந்த நாள்

போன மாதம் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அலுவலகத்தில் என் இடத்துக்கு வந்தவள். ஏதாவது புதுச் சேதி என்றால் எனக்குச் சொல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது.

"அக்கா, ஆபீஸ்ல இப்ப ஒரு ஏஐ போட்டிருக்காங்க. நாம கேட்டா அதுவே புரோகிராம் எழுதிக் கொடுக்குது லா. எல்லா வரியிலயும் ஒரு தடவ செக் பண்ணிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகுது. இப்பல்லாம் எதுவும் கிராஷ் ஆகுறதே இல்லக்கா!"

"அப்படியா" என்றேன். வேறென்ன சொல்வது? ஓய்வு பெற்றவர்கள் போனில் பாடம் நடத்த ஆரம்பித்தால் அடுத்த முறை யாரும் கூப்பிடமாட்டார்கள். ஆனால் போனை வைத்த பிறகு ஸ்ரீ கெம்பாங்கான் பாசாருக்குப் போய் மீன் வாங்கி வந்து, கழுவி, குழம்பு வைத்து இறக்கும் வரைக்கும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. கிராஷ் ஆகாத புரோகிராம் ஒன்றை எனக்குத் தெரியும். அதனால் ஒரு மனிதர் சாகப் பார்த்தார். இன்னொருத்திக்கு வேலை போகப் பார்த்தது.

என் படிப்புக் கதை சுருக்கமானது. கிள்ளானில் பள்ளிக்கூடம், கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் கணினி டிப்ளோமா, நடுவில் அப்பாவோடு ஓயாத சண்டை. பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கிளினிக்குகளுக்கும் டயாலிசிஸ் மையங்களுக்கும் புரோகிராம் எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. காலையிலேயே தாளிக்கிற வாசனை மாடிக்கு வந்துவிடும், அதற்கு மேல் யாருக்கும் வேலை ஓடாது. கடைசிவரை அந்த ஒரே மாடியில்தான் இருந்தேன்.

எங்கள் மேலதிகாரி பெயர் பரஞ்சோதி. மிஸ்டர் பரம் என்று கூப்பிடுவோம். எங்களிடம் வருவதற்கு முன்னால் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர். அங்கே பிரெஸ் மெஷினின் கதவு மூடியிருக்கிறதா இல்லையா என்று சென்சாருக்குச் சந்தேகம் வந்தால் மெஷின் நின்றுவிடும். ஓட்டுகிறவன் திட்டுவான், சூப்பர்வைசர் கத்துவான், ஆனால் யார் கையும் நசுங்காது. அந்தப் பழக்கத்தை அவர் அப்படியே எங்கள் மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

புதிதாக எழுதிய எதையும் அவரிடம் காட்டாமல் வெளியே அனுப்ப முடியாது. காட்டுவதென்றால் திரையில் அல்ல. காகிதத்தில் அச்சடித்து, அவர் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எழுதியவரே வாய்விட்டு வாசிக்க வேண்டும். அவர் பென்சிலை வரியின் கீழே நகர்த்திக்கொண்டே வருவார். 'இப்படி இருந்தால்' என்று ஒரு நிபந்தனை வந்ததும் பென்சில் நின்றுவிடும்.

"இல்லாட்டி?" என்பார்.

அவ்வளவுதான். கோபப்படமாட்டார், குரல் உயராது. நாம் பதில் சொல்லும்வரை காத்திருப்பார். பதில் தெரியாமல் விழித்தால் தே ஓ என்கிற பாலில்லாத தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடியும் காத்திருப்பார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம் என்று தோன்றும். மத்தியானம் கீழே சாப்பிடப் போகும்போது நாங்கள் அவரை வைத்து விளையாடுவோம். "நண்டு இருந்தா சொல்லுங்கண்ணே" என்று ஒருவன் கேட்பான். நாங்கள் எல்லாரும் சேர்ந்து "இல்லாட்டி?" என்று கத்துவோம். கடைக்காரருக்கு எதுவும் புரியாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இந்தக் கதைக்குத் தொழில் விஷயம் கொஞ்சம் தேவை. பயப்பட வேண்டாம், சுருக்கமாகவே சொல்கிறேன். நாங்கள் எழுதியது பொருள் சார்ந்த முறையில், அதாவது எல்லாவற்றையும் வகை வகையாகப் பிரித்து. 'நோயாளி' என்று பொதுவாக ஒரு வகை. அதன் கீழே 'டயாலிசிஸ் நோயாளி', 'கிளினிக் நோயாளி' என்று தனி வகைகள். புரோகிராமுக்குள் எல்லாரும் பொதுவாக நோயாளி என்ற பெயரில்தான் கைமாறுவார்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு மட்டும் உள்ள ஒரு விவரம் வேண்டுமென்றால், "இந்த ஆளை டயாலிசிஸ் நோயாளியாகவே எடுத்துக்கொள்" என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். இதற்கு வகை மாற்றம் என்று பெயர். நாம் சொன்னது தப்பு, வந்தவர் கிளினிக் நோயாளி என்றால், புரோகிராம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். இன்னொரு வழியும் உண்டு. "இவர் டயாலிசிஸ் நோயாளியா?" என்று முதலில் கேட்டுப் பார்க்கலாம். ஆமென்றால் விவரம் கையில் கிடைக்கும். இல்லையென்றால் வெறுங்கைதான் மிஞ்சும், ஆனால் புரோகிராம் விழாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். இதைத்தான் எல்லாப் பாடப்புத்தகமும் பாதுகாப்பான முறை என்கிறது.

எங்களுக்கு அந்தப் பாதுகாப்பு ஒரு காலை நேரத்தில் வந்து சேர்ந்தது. கிள்ளானில் எங்கள் புரோகிராமை வைத்திருந்த டயாலிசிஸ் மையத்தில் திரை திடீரென்று செத்துப் போனது. யாரோ ஒரு கிளினிக் நோயாளியின் பெயரைத் தவறான இடத்தில் திறந்திருக்கிறார்கள். நோயாளிகள் நாற்காலியில் காத்திருக்க, மையத்தின் மேனேஜர் எங்கள் டைரக்டரைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். டைரக்டர் மாடிக்கு வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் கஸ்டமர் திட்டினால் அவருக்குக் கை கால் ஓடாது.

"இனிமே எந்தத் திரையும் விழக் கூடாது. எங்கெல்லாம் வகை மாத்துறீங்களோ, அங்கெல்லாம் முதல்ல செக் பண்ணுங்க. எல்லாரும் உக்காந்து மாத்துங்க."

"செக் பண்ணி, இல்லன்னு வந்தா என்ன செய்யிறது பாஸ்?" என்று கேட்டார் பரம்.

"ஒண்ணும் செய்யாதீங்க. அடுத்த வரிக்குப் போங்க. விழாம இருந்தா போதும் லா."

பரம் ஜன்னல் வழியாகக் கீழே கடையைக் காட்டினார். "அந்தப் பையன் வந்து 'சைவமா'ன்னு கேக்குறான். நான் 'இல்ல'ங்கிறேன். உடனே ஒண்ணும் பரிமாறாம அடுத்த மேசைக்குப் போயிடுறான்னு வைங்க. அவன் தட்டும் உடையல, அவன் மேல தப்பும் இல்ல. ஆனா என் இலை காலி."

டைரக்டர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பிறகு எல்லாரும் உட்கார்ந்து டைரக்டர் சொன்னபடியே மாற்றினோம். அவசரம் என்பதால் அந்த மாற்றங்கள் மட்டும் பரம் மேசைக்குப் போகாமலேயே வெளியே போயின. புரோகிராம் அதன் பிறகு விழவே இல்லை. டைரக்டருக்கு ஏக சந்தோஷம்.

அடுத்த ஆண்டு அதே மையம் ஒரு புதுத் தேவையோடு வந்தது. தீபாவளி நெருங்கினால் வெளியூர் நோயாளிகள் கிள்ளானில் இருக்கிற மகன் வீட்டுக்கு, மகள் வீட்டுக்கு என்று வந்துவிடுவார்கள். பண்டிகைக்கு ரத்தம் சுத்தம் செய்வதை நிறுத்தி வைக்க முடியாது. அதனால் தங்கியிருக்கிற நாட்களில் இங்கேயே செய்துகொள்வார்கள். சீனப் புத்தாண்டு, ஹரிராயா எல்லாவற்றுக்கும் இப்படித்தான். இவர்களைத் தனியாகப் பதிய வேண்டும் என்றார்கள். டயாலிசிஸ் நோயாளிக்குக் கீழே அல்ல, அதற்குப் பக்கத்தில், 'விருந்தாளி நோயாளி' என்று ஒரு புது வகையை உருவாக்கினோம். பரம் மேசையில் அது வரி வரியாக வாசிக்கப்பட்டது. ஒவ்வாமை, எச்சரிக்கை எல்லாம் அந்த வகையிலும் ஒழுங்காக வைத்திருந்தோம். பதிவுக் கவுண்டரில் எழுதினால் பத்திரமாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். சிகிச்சை அறையில் தாதியர் பார்க்கிற திரை பழையது. அதில் யாரும் கை வைக்கவில்லை, அதனால் அது மேசைக்கும் வரவில்லை. சோதித்துப் பார்த்தவர்கள் ஒவ்வாமை இல்லாத ஆட்களை வைத்துச் சோதித்தார்கள். அந்தத் திரையில் ஒவ்வாமையைக் காட்டுகிற எச்சரிக்கைப் பெட்டி காலியாக இருந்தது. இருக்க வேண்டியதுதானே என்று விட்டுவிட்டார்கள்.

அந்தத் தீபாவளிக்கு முனியாண்டி என்பவர் தெலுக் இந்தானிலிருந்து மகள் வீட்டுக்கு வந்தார். முன்பு லோரி ஓட்டியவர். அவருக்கு ஒரு வகை ஃபில்டர் ஆகாது. டயாலிசிஸ் ஃபில்டர்களில் சிலவற்றை வாயுவாலும் சிலவற்றை நீராவியாலும் கிருமி நீக்கம் செய்வார்கள். வாயு பட்ட ஃபில்டர் என்றால் அவருக்கு மூச்சு அடைத்துவிடும். பதிவுக் கவுண்டரில் மகள் இதைச் சொன்னாள். அவர்களும் எழுதிக்கொண்டார்கள்.

சிகிச்சை அறையில் இருந்தது சிஸ்டர் மேரி. பெரியவர் படுத்ததும் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். "இது எந்த ஃபில்டர் தாயி?"

சிஸ்டர் திரையைப் பார்த்திருக்கிறார். எச்சரிக்கைகள் என்று தலைப்புப் போட்ட பெட்டி காலி. "கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்ல அங்கிள். கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு மெஷினை ஓட்டியிருக்கிறார்.

ரத்தம் ஓட ஆரம்பித்த சற்று நேரத்திலேயே பெரியவருக்கு உடம்பெல்லாம் எரிச்சல், மூச்சு விட முடியவில்லை. சிஸ்டர் உடனே மெஷினை நிறுத்தி, குழாய்களை இறுக்கி, அந்த ரத்தத்தை உடம்புக்குத் திருப்பாமல் விட்டு, ஆக்சிஜன் வைத்து டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறார். ஊசி போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். உயிர் பிழைத்துக்கொண்டார். தீபாவளி முழுக்க ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான்.

இதற்குப் பிறகுதான் சிக்கல். பதிவுத் திரையைத் திறந்து பார்த்தால் ஒவ்வாமை பளிச்சென்று இருக்கிறது. அப்படியானால் சிஸ்டர் பார்க்காமல் விட்டுவிட்டார் என்று மையம் முடிவு கட்டியது. அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லி விசாரணை வைத்தார்கள். "பெட்டி காலியா இருந்துச்சு" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதை யாரும் நம்பவில்லை. விசாரணைக்கு முன்னால் எங்களிடம் ஒரு கேள்வி வந்தது: அன்று உங்கள் புரோகிராமில் ஏதாவது பிழை நடந்ததா?

பிழை நடந்தால் தானாகவே எழுதிவைக்கும் லாக் என்ற பிழைப் பதிவைத் திறந்தோம். சுத்தமாக இருந்தது. டைரக்டருக்கு மூச்சு வந்தது.

"பாத்தீங்களா? ஒரு எர்ரர் கூட இல்ல. அப்படியே எழுதி அனுப்பிடலாம்."

பரம் என்னைப் பார்த்தார். "தேவகி, சிகிச்சைத் திரையோட புரோகிராம அச்சடிச்சிட்டு வாங்க."

நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வாசிக்க ஆரம்பித்தேன். பென்சில் நகர்ந்தது. பெயர் காட்டும் வரிகள், எடை காட்டும் வரிகள், ரத்த அழுத்தம். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு எச்சரிக்கைப் பெட்டி வந்தது.

"நோயாளி, டயாலிசிஸ் நோயாளி வகையா என்று பார். ஆமென்றால் எச்சரிக்கைகளைக் காட்டு."

பென்சில் நின்றது.

"இல்லாட்டி?"

அடுத்த வரியைப் பார்த்தேன். அங்கே மூடுகிற அடைப்புக்குறி மட்டும்தான் இருந்தது. முனியாண்டி விருந்தாளி வகை. டயாலிசிஸ் நோயாளியா என்று புரோகிராம் கேட்டிருக்கிறது, இல்லை என்று பதில் வந்திருக்கிறது, ஒன்றும் காட்டாமல் நல்ல பிள்ளையாக அடுத்த வேலைக்குப் போய்விட்டது. பழைய மாதிரி அது விழுந்திருந்தால் முதல் விருந்தாளியைச் சோதித்துப் பார்த்த அன்றே திரை செத்து, மேனேஜர் கத்தி, நாங்கள் திருத்தியிருப்போம். டைரக்டர் மாற்றச் சொன்ன அன்று மாடியில் உட்கார்ந்திருந்த யாருடைய கையாகவும் அந்த வரி இருந்திருக்கலாம், யார் என்று பரம் தேடவும் இல்லை. பென்சிலை மேசையில் வைத்துவிட்டு எழுந்து டைரக்டர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

டைரக்டர் கேட்டு முடித்துவிட்டுப் பிழைப் பதிவை மறுபடி எடுத்துப் பார்த்தார். "நாம பொய் எழுதலயே பரம். புரோகிராம் விழல. லாக்ல எர்ரர் இல்ல. அது உண்மதானே?"

"உண்மதான் பாஸ். அந்த உண்மய எழுதினா அந்தப் பொண்ணுக்கு வேல போயிடும்."

"அவங்க கேட்டது எர்ரர் இருந்துச்சான்னுதான். அதுக்கு மேல நாம ஏன் சொல்லணும்?"

"நான் எழுதப் போறதில்ல. நேர்ல போய்க் காட்டப் போறேன். வரீங்களா?"

டைரக்டர் வரவில்லை. தடுக்கவும் இல்லை, அதை நான் சொல்லியாக வேண்டும். நானும் பரமும் கோமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனோம். ஷா ஆலம் தாண்டும்போது பரம் "சாப்ட்டீங்களா?" என்று கேட்டார்.

விசாரணை அறையில் மேனேஜரும் டாக்டரும் இருந்தார்கள். சிஸ்டர் மேரி சுவரோரமாக நின்றார். சீருடை இல்லை, வீட்டில் போடுகிற பூப்போட்ட சட்டை. முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பரம் உட்காரவில்லை. கணினிக்கு முன்னால் மேனேஜரையே உட்காரச் சொன்னார்.

"ஒரு புது விருந்தாளியப் பதிங்க சார். என்ன பேர் வேணா போடுங்க. ஒவ்வாமையும் போடுங்க, உங்க கையாலேயே."

மேனேஜர் தட்டினார். பதிவுத் திரையில் ஒவ்வாமை நன்றாகத் தெரிந்தது.

"இப்ப சிகிச்சைத் திரையத் திறங்க."

திறந்தார். பெட்டி காலி. மேனேஜர் மூடிவிட்டு மறுபடி திறந்தார். அப்போதும் காலி.

"இதப் பாத்தா நீங்க என்ன நினைப்பீங்க?" என்று கேட்டார் பரம்.

டாக்டர்தான் பதில் சொன்னார். "எச்சரிக்கை ஒண்ணும் இல்லன்னு."

"சிஸ்டரும் அதத்தான் நினைச்சாங்க. தப்பு எங்களோடது. எழுதித் தரேன்."

சிஸ்டர் நிம்மதியாக மூச்சு விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "அந்த அங்கிள் கேட்டாரு. எந்த ஃபில்டர்னு கேட்டாரு. நான்தான் அவர் முகத்தக்கூடப் பாக்கல." அப்புறம் அழுதார்.

அவரை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மையம் எங்களை விட்டுப் போய்விடும் என்றுதான் பயந்தோம், போகவில்லை. டைரக்டர் பரமிடம் பல வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் கீழே கடையில் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மீன் தலை ஆர்டர் பண்ணினார். அதோடு சரி.

மாடியில் பழைய கட்டளை ரத்தானது. வகையைச் சோதித்தால் 'இல்லாட்டி' பக்கத்தையும் எழுதியாக வேண்டும். செய்ய ஒன்றுமில்லை என்றால் ஏன் ஒன்றுமில்லை என்று எழுத வேண்டும். இந்த இடத்தில் வேறு வகை வரவே கூடாது என்றால் புரோகிராம் விழட்டும், சத்தம் போட்டு விழட்டும். எச்சரிக்கைப் பெட்டி இனி ஒருபோதும் காலியாக இருக்காது. எச்சரிக்கை இருந்தால் சிவப்பில் வரும். இல்லையென்றால் இல்லை என்று எழுதி வரும். புரோகிராமுக்கே தெரியாத ஆள் என்றால் 'தெரியவில்லை, நோயாளியைக் கேட்கவும்' என்று வரும். அந்தக் கடைசி வாக்கியத்தைப் பரம் தன் கையால் எழுதிக் கொடுத்தார். அவர் இப்போது டெங்கில் என்ற ஊர்ப் பக்கம் ஒரு வீடு வாங்கிக்கொண்டு கோழி வளர்க்கிறார். போனால் கோழிகளைப் பற்றி மட்டும் பேசுவார்.

பாதுகாப்பான வகை மாற்றம் என்பதற்கு நான் எதிரி அல்ல. வேலையில் இருந்தவரை அதைத்தான் எழுதினேன். யாருக்குப் பாதுகாப்பு என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். கவிதா அடுத்த முறை கூப்பிட்டால் அந்த ஏஐ 'இல்லாட்டி' பக்கத்தில் என்ன எழுதுகிறது என்று கேட்கலாமென்றிருக்கிறேன். பாடம் நடத்தவில்லை, சும்மா ஒரு கேள்வி.

அடுத்த தீபாவளிக்கு முனியாண்டி மறுபடியும் மகள் வீட்டுக்கு வந்தார். வேறு மையத்துக்குப் போகலாம் என்று மகள் கெஞ்சியும் கேட்கவில்லையாம். "அந்தப் பொண்ணுதானே என்னயக் காப்பாத்துச்சு" என்று அங்கேயே வந்துவிட்டார். திருத்திய திரை சரியாக ஓடுகிறதா என்று பார்த்து வரச் சொல்லிப் பரம் என்னை அனுப்பியிருந்தார். சிகிச்சை அறையின் மூலையில் நின்றேன். பெரியவர் படுத்தார். சிஸ்டர் மேரி அவர் பெயரைத் தட்டினார். பெட்டியில் சிவப்பாக வந்து நின்றது: நீராவி ஃபில்டர் மட்டும். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

சிஸ்டர் அதைப் படித்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் பெரியவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டார்.

"அங்கிள், உங்களுக்கு எந்த ஃபில்டர் ஆகும்?"

"ஏன் தாயி, கம்ப்யூட்டர்ல போடலயா?"

"போட்டிருக்கு. அது கிடக்கட்டும். நீங்க சொல்லுங்க."